எரியுது… ஆனா வெளிச்சம் இல்லை! பவளத் தொட்டிக்கு பல்பு மாற்றும் நேரம் எது?

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கலாம் என்று போயிருந்தேன். ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, டி.வி இல்லாத சுவர். அந்த இடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சம். ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு க்ளௌன் மீன்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘நீமோ’ என்று சொன்னால்தான் புரியும். பாறை இடுக்குகளில் விரல் விரலாக, குடை குடையாக ஏதேதோ அசைந்துகொண்டிருந்தன.

“டி.வி எங்கேக்கா?”

“பெட்ரூமுக்குப் போயிடுச்சுடி. உங்க அத்தானுக்கு இப்போ இதான் டி.வி, இதான் சீரியல். அதுவும் ரெண்டு மாசமா சோக சீரியல்!”

சோகத்தின் காரணத்தை அக்கா பெண்தான் காட்டினாள். “சித்தி, இந்த கோரல் வாங்கினப்போ நல்ல பச்சை. இது ஊதா. இப்போ பாருங்க…” என்றாள். பார்த்தேன். இரண்டும் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தன. சுத்தியல் தலை போன்ற நுனிகளோடு விரியும் ‘ஹேமர் கோரல்’ என்ற இன்னொன்று, பாதி விரிந்து பாதி சுருங்கி, காய்ச்சல்காரர் போர்வைக்குள் கிடப்பதுபோல் கிடந்தது. பாறைகளில் பச்சைப் பாசி முடி முடியாக வளர்ந்திருந்தது.

அத்தான் தனக்குத் தெரிந்த எல்லா வைத்தியமும் பார்த்துவிட்டார். தண்ணீரை மாற்றியிருக்கிறார். உப்பின் அளவு, கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி, நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் 26 டிகிரியில் ஒழுங்காக ஓடுகிறது. “ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தாம்மா. பேஷன்ட்தான் நார்மலா இல்லை” என்றார்.

அந்த சனிக்கிழமை நாங்களும் அவரோடு மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதான சீனர். அத்தான் நீட்டிய நோட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. செல்போனில் இருந்த போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “டியூப் மாத்தி எத்தனை மாசம் ஆச்சு?”

அத்தான் யோசித்தார். அக்கா முந்திக்கொண்டாள். “தொட்டி வாங்கின நாள்ல இருந்து அதே டியூப்தான். வர்ற மாசம் வந்தா ரெண்டு வருஷம்.”

“ஆனா எட்டு டியூபும் நல்லாத்தானே எரியுது?” என்றார் அத்தான்.

கடைக்காரர் சிரித்தார். “உங்க கண்ணுக்கு எரியுது. கோரலுக்கு எரியலை.”

பவளம் சாப்பிடுவது வெளிச்சத்தை!

பவளத்தைக் கல் என்று நினைப்பவர்கள் உண்டு. செடி என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அது விலங்கு. ஜெல்லி மீனுக்குச் சொந்தக்கார ஜாதி. ஆனால், வெப்பக் கடலின் ஆழமில்லாத பகுதிகளில் வாழும் பவளங்களில் பெரும்பாலானவை தங்கள் தோலுக்குள்ளேயே ஒரு சமையல்காரரைக் குடிவைத்திருக்கின்றன. ‘ஸூசான்தெல்லே’ எனப்படும், ஒரே செல்லால் ஆன நுண்பாசிதான் அது. வெளிச்சத்தை வைத்து அது உணவு தயாரிக்கும். அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கும். பதிலுக்குப் பவளம் அதற்கு இருக்க இடமும் கழிவிலிருந்து உரமும் தரும். தன் கொடுக்குகளால் மிதவை உயிர்களைப் பிடித்தும் பவளம் சாப்பிடும் என்றாலும், அது கடையில் வாங்கும் நொறுக்குத்தீனி மாதிரி. அன்றாடச் சாப்பாடு, வெளிச்சத்தில் வேகும் வீட்டுச் சாப்பாடுதான்.

ஆக, பவளத் தொட்டிக்கு மேலே இருக்கும் விளக்கு அழகுக்குப் போட்டதல்ல. அது அடுப்பு. அடுப்பின் சூடு குறைந்தால் என்ன ஆகும்? கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க, உள்ளே இருக்கும் நுண்பாசி தன் பச்சையத்தையும் எண்ணிக்கையையும் கூட்டும். நுண்பாசியின் நிறம் பழுப்பு. அது கூடக் கூடப் பவளத்தின் சொந்தப் பச்சையும் ஊதாவும் அதற்கு அடியில் மறைந்துபோகும். அத்தான் வீட்டு ‘டிகாக்‌ஷன்’ நிறத்தின் ரகசியம் இதுதான்.

(பாறையில் வளர்ந்த பச்சைப் பாசிக்கும் பழைய டியூப்தான் காரணம் என்று இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் சோறு. மீனுக்குத் தீனியை அள்ளிப்போட்டுவிட்டு டியூபைக் குறை சொல்லக் கூடாது. அக்கா பெண்ணுக்கு மீனுக்குத் தீனி போடுவது என்றால் அவ்வளவு ஆசை!)

சமையலறைச் சுவரில் இருக்கிறது சாட்சி

எரிந்துகொண்டே இருக்கும் டியூப் எப்படி வெளிச்சம் இல்லாமல் போகும்? இதற்கு நம் வீட்டுச் சமையலறையிலேயே சாட்சி உண்டு. பழைய டியூப்லைட் பழுதாகி, புதிதாக ஒன்றை மாட்டும் நாளை நினைத்துப் பாருங்கள். ஸ்விட்சைப் போட்டதும் “அடேயப்பா!” என்று ஒரு வெளிச்சம். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அன்றுதான் கண்ணில் படும். அப்படியானால் நேற்றுவரை நாம் மங்கல் வெளிச்சத்தில்தான் சமைத்திருக்கிறோம். தெரியவே இல்லை. ஏனென்றால், அது ஒரே நாளில் மங்கவில்லை. ஒவ்வொரு நாளும் துளித் துளியாக மங்கியது. கண்ணும் அதற்கேற்ப தன்னைப் பழக்கிக்கொண்டது.

டியூபுக்குள் நடப்பது இது. உள்ளே மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்புறத்தில் மாவு பூசியதுபோல இருக்கிறதே வெள்ளைப் பூச்சு, அந்த பாஸ்பர், புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தரும். எரிய எரிய இந்தப் பூச்சு தளரும். இரண்டு முனைகளிலும் கறுப்பு படியும். பூச்சில் கலந்திருக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் தளர்வதில்லை என்பது இன்னொரு சிக்கல். நீலம் தரும் பொருள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தளரக்கூடியது. பவளத்துக்கு அதிகம் வேண்டியதோ நீலம்! கடல் நீர் சிவப்பு ஒளியை மேல் அடுக்கிலேயே விழுங்கிவிடும். ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். காலங்காலமாக அந்த நீலத்திலேயே வாழ்ந்து பழகிய உயிர் அது.

இங்கே நம் கண் இன்னொரு துரோகமும் செய்கிறது. மனிதக் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரிவது, 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மஞ்சள் கலந்த பச்சை. அதற்கு 100 மார்க் என்றால், 450 நானோமீட்டர் நீலத்துக்கு நம் கண் தரும் மார்க் சுமார் 4. அதாவது, தொட்டியில் நீலம் பாதியாகக் குறைந்தாலும் நமக்குப் பெரிதாக ஒன்றும் உறைக்காது. ‘நல்லாத்தானே எரியுது’ என்று அத்தான் சொன்னது பொய்யில்லை. தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லாத நீதிபதியிடம் கேஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

செல்போனில் இருக்கும் ‘லக்ஸ் மீட்டர்’ ஆப்பும் இதே ரகம். லக்ஸ் என்பதே மனிதக் கண்ணின் ருசிக்கு ஏற்ப போட்ட கணக்கு. பவளத்துக்கு வேண்டியது வேறு கணக்கு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை, நுண்பாசியும் செடியும் உணவு தயாரிக்கப் பயன்படுத்தும் அளவில் எண்ணுவது. அதற்கு ‘பி.ஏ.ஆர் மீட்டர்’ என்று தனிக் கருவி உண்டு. நண்பகல் வெயில் சுமார் 2,000 காட்டும். வீட்டுத் தொட்டியில், மென்மையான பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும் என்பார்கள். மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா வகைகளுக்கு 200-க்கு மேல் வேண்டும். கருவியின் விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால், வருடத்துக்கு நான்கு நாள்தான் அதற்கு வேலை. அதனால் நண்பர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, வீடு வீடாகச் சுற்றவிடலாம். வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு.

பெட்டியில் போட்டிருக்கும் 20,000 மணி நேரம்

சாதாரண டி5 டியூபின் பெட்டியைப் பார்த்தால் 20,000 மணி நேரம் என்று அச்சடித்திருக்கும். தினமும் 10 மணி நேரம் எரித்தால் ஐந்தரை வருடம்! ஆனால், அது டியூப் ‘உயிரோடு’ இருக்கும் காலத்தின் கணக்கு. மாடிப்படிக்கு வெளிச்சம் காட்டப் போதும். பவளத்துக்குச் சமைத்துப் போட அது போதாது.

பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு இப்படிப் போகிறது. டி5 டியூப் என்றால் 9 முதல் 12 மாதம். காற்றோட்டம் நன்றாக இருந்து, டியூப் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருந்தால் சிலர் ஒன்றரை வருடம் வரை ஓட்டுகிறார்கள். மடித்த வடிவில் வரும் பழைய ‘பவர் காம்பேக்ட்’ பல்புகளுக்கு ஆறு மாதத்திலிருந்தே எண்ண ஆரம்பித்துவிட வேண்டும். 150, 250, 400 வாட்ஸில் வரும் மெட்டல் ஹாலைட் பல்பு, மழைக்காலச் சூரியன் மாதிரி ஒரு தனி அழகு. தண்ணீரில் அது போடும் அலைக்கோடுகளுக்காகவே அதை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். அது மங்குவதோடு, நிறமும் மாறிக்கொண்டே போகும்.

மாதக் கணக்கைவிட மணிக் கணக்கு நியாயமானது என்பது என் கட்சி. ஒரு வீட்டில் தினம் 7 மணி நேரம் எரிகிறது, இன்னொரு வீட்டில் 12 மணி நேரம் எரிகிறது. இரண்டுக்கும் ‘ஒரு வருடம்’ என்பது ஒன்றாகுமா? தினம் 10 மணி நேரம் என்றால் ஒரு வருடத்துக்கு 3,650 மணி நேரம். அதை எல்லையாக வைத்துக்கொண்டு, உங்கள் டைமர் ஓடும் நேரத்தால் வகுத்துக்கொள்ளலாம். அத்தான் வீட்டில் நீல டியூப்கள் காலை முதல் இரவு வரை 11 மணி நேரம் எரிந்தன; வெள்ளை டியூப்களுக்கு நடுவில் 8 மணி நேரம்தான் வேலை. சீக்கிரம் தளரும் நீலத்துக்கே கூடுதல் உழைப்பும்! ஆக, அந்த வீட்டில் முதலில் மாற்ற வேண்டியவை நீல டியூப்கள்தான்.

டியூபை மாற்றும் முன் ஒரு துணியை எடுங்கள். இதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து, விளக்கின் மேல்கண்ணாடியிலும் டியூபுக்குப் பின்னால் இருக்கும் பளபளத் தகட்டிலும் வெள்ளைப் படலமாக ஏறியிருக்கும். பல வீடுகளில் ‘டியூப் போயிடுச்சு’ என்பதில் பாதி இந்தப் படலத்தின் வேலைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தாலே கணிசமான வெளிச்சம் திரும்பி வரும்.

எட்டையும் ஒரே நாளில்…

கடையிலிருந்து எட்டு புது டியூப்களோடு வீட்டுக்கு வந்தோம். அத்தானுக்குக் கை பரபரத்தது. அன்று சாயங்காலமே நாற்காலி போட்டு ஏறி, எட்டையும் கழற்றி எட்டையும் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டதும், நான் மேலே சொன்ன அதே சமையலறை அதிசயம்! தொட்டி தீபாவளி மாதிரி ஜொலித்தது. அக்காகூட, “பரவாயில்லையே, டி.வி-யைவிட நல்லாத்தான் இருக்கு” என்றாள். டைமரில் அதே 11 மணி நேரம். யாரும் அதைத் தொடவில்லை.

மூன்றாவது நாள், ஹேமர் கோரல் முழுசாகச் சுருங்கிவிட்டது. ஐந்தாவது நாள், மேல் பாறையில் இருந்த அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்தன. அந்த வாரக் கடைசியில் அதன் மேல்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா பெண் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவளுடைய பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த பவளம் அது.

நடந்தது என்ன? இரண்டு வருடமாக மங்கிய வெளிச்சத்துக்குப் பழகிய உயிர். அதற்காகவே உள்ளே நுண்பாசியைக் கூட்டி வைத்திருந்தது. திடீரென்று தலைக்கு மேல் முழு வெளிச்சம். புது டியூப் முதல் 100 மணி நேரத்தில்தான் மிகவும் உக்கிரமாக இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நுண்பாசியின் சமையல் வேகம் எல்லை மீறி, பவளத்தின் உடம்புக்குள் நச்சு ஆக்ஸிஜன் பெருகும். தாங்க முடியாமல், பவளம் தன் சமையல்காரரையே வெளியே தள்ளிவிடும். நிறம் கொடுத்தவர் போய்விட்டதால், கண்ணாடி மாதிரியான தோலுக்குள்ளே வெள்ளை எலும்பு தெரியும். இதற்குப் பெயர்தான் வெளுத்தல். கடல் சூடாகும்போது பெரும் பரப்பில் நடப்பதும் இதேதான். நம் மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தது கடலின் வெப்பத்தால். அத்தான் வீட்டில் அதையே எட்டு டியூப் செய்துவிட்டது.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. பட்டினி கிடக்கும் பவளம். அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. கடைக்காரருக்கு போன் போட்டோம். அவர் திட்டவில்லை. பெருமூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: “விளக்கை மேலே தூக்கிக் கட்டுங்க. நேரத்தைப் பாதியாக்குங்க. வீட்டுல கொசுவலை இருக்கா?”

கொசுவலை! ஜன்னலுக்கு அடிக்கும் பைபர் வலைதான். அதை விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில், தொட்டியின் மேல் மூன்று, நான்கு மடிப்பாக விரிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கும். சில நாளுக்கு ஒரு மடிப்பாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். பந்தலில் நாற்று வளர்ப்பவர்கள் நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார்களே, அதே முறை. அத்தான் வலையை விரித்தார். விளக்கை ஒரு சாண் மேலே ஏற்றினார். 11 மணி நேரத்தை 5 ஆக்கினார். சுருங்கிய பவளங்களைக் கையால் தொடவோ, இடம் மாற்றி மாற்றி வைக்கவோ வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதால், அக்கா பெண்ணின் கையைக் கட்டிப்போடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

நான் ஊர் திரும்பும் நாளில் ஹேமர் கோரல் பாதி விரிந்திருந்தது. பழுப்பேறிக் கிடந்த மற்றவை அப்படியே தப்பிவிட்டன. அக்ரோபோராவின் அடிப்பாகத்தில் மட்டும் நிறம் இருந்தது.

அப்படியானால் எப்படி மாற்றுவது?

ஒவ்வொன்றாக. வாரத்துக்கு ஒன்று, அவசரமில்லாதவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒன்று. எட்டு டியூப் என்றால் இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதம்வரை ஆகும். ஆகட்டும். இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. ஒரு சுற்று முடிந்துவிட்டால், தொட்டியின் மேல் எப்போதும் பழசும் புதுசும் கலந்தே இருக்கும். பழைய தயிரில் கொஞ்சம் எடுத்து உறை ஊற்றுவதுபோல! மொத்த வெளிச்சம் பெரிதாக ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. ‘எல்லாவற்றையும் மாற்றும் நாள்’ என்று ஒன்று வரவே வராது. செலவும் ஒரே மாதத்தில் தலையில் விழாது.

மெட்டல் ஹாலைட்டில் இந்த வழி இல்லை. ஒரே பல்பு அல்லது இரண்டு. அங்கே கொசுவலையும் டைமரும்தான் துணை. புது பல்பு போட்ட முதல் வாரம் 4 அல்லது 5 மணி நேரம், பிறகு சில நாளுக்கு அரை மணி நேரம் கூட்டலாம். இரண்டு முனையும் உள்ள பல்பு என்றால் வெறும் விரலால் கண்ணாடியைத் தொடாதீர்கள்; விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் சூட்டில் கெடும். அந்த வகை விளக்கின் முன்னால் இருக்கும் தடுப்புக் கண்ணாடி இல்லாமல் எரியவும் விடாதீர்கள். அது புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்காக இருக்கிறது. பவளத்துக்கு மட்டுமல்ல, உங்கள் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

“எங்க வீட்டுல எல்இடி. எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை” என்று சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். பாதி உண்மை. எல்இடி-க்கு 50,000 மணி நேரம் என்று போடுவார்கள். பெரும்பாலும், ஆரம்ப வெளிச்சத்தில் 70 சதவிகிதமாகக் குறையும்வரை எவ்வளவு காலம் என்ற கணக்கு அது. தினம் 10 மணி நேரம் என்றால் 13 வருடத்துக்கு மேல். ஆனால், அதற்கு முன்பே காற்றாடி தூசியடைத்து நிற்கும், லென்ஸ் மங்கும், டிரைவர் போகும். காற்றாடி நின்றால் சில்லு சூடாகி, அந்த 13 வருடமும் கரைந்துவிடும். மேலும், பழைய டி5-ஐக் கழற்றிவிட்டுப் புது எல்இடி மாட்டும் நாளும் பவளத்துக்கு ‘எட்டையும் ஒரே நாளில்’ மாற்றிய நாள்தான். பாதி அளவில் ஆரம்பித்து, சில வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும்.

எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் அந்த மாற்றத்தைச் செய்யத்தான் வேண்டியிருக்கும். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பொது வெளிச்சத்துக்கான குழல் விளக்குகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதாக 2023-ல் முடிவெடுத்துவிட்டன. ஐரோப்பிய யூனியனில் பொது உபயோக டி5, டி8 டியூப்களுக்கு 2023 ஆகஸ்ட்டிலேயே கதவு மூடப்பட்டுவிட்டது. மீன் தொட்டிக்கான டியூப் தனி ரகம்தான். ஆனால், பெரிய தொழிற்சாலைகள் இந்த வேலையை விட்டுவிட்டால் சின்ன ரகமும் அரிதாகும், விலையும் ஏறும். கழற்றிய பழைய டியூபைக் குப்பையில் உடைத்துப் போடாமல், முழுசாக மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுப்பதும் அந்தப் பாதரசத்துக்காகத்தான்.

நம்ம ஊரில் ஆசை வந்தால்…

இதைப் படித்துவிட்டு, “நாமும் ஒரு பவளத் தொட்டி வைக்கலாமே” என்று கொளத்தூருக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். அத்தான் வைத்திருப்பது, சர்வதேச அனுமதிச் சீட்டோடு சிங்கப்பூருக்கு இறக்குமதியாகும் பவளம். இந்தியாவில் கதை வேறு. பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. எடுத்தாலோ, விற்றாலோ, வாங்கினாலோ மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்தை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்தோம். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போனதில், அந்த 21-ல் இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. சட்டம் சும்மா வரவில்லை.

ஆனால், நன்னீர்ச் செடித் தொட்டி வைக்க எந்தத் தடையும் இல்லை. அங்கேயும் செடிக்கு விளக்குதான் அடுப்பு. மேலே சொன்ன டியூப் கணக்கு அப்படியே பொருந்தும். வெறும் மீன் மட்டும் என்றால் கவலையே வேண்டாம். டியூப் தானாக அணையும்வரை எரியட்டும். மீனுக்கு வெளிச்சம் சாப்பாடு இல்லை.

நான் ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அக்கா பெண் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பினாள். முதல் படத்தில் அக்ரோபோரா. மேல்பாதி இறந்துவிட்டது, அதன் வெள்ளை எலும்பில் பாசி படிந்திருக்கிறது. கீழ்ப்பாதியில் இருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு புது நுனி கிளம்பியிருக்கிறது. இரண்டாவது படத்தில் விளக்கின் ஓரம். வாரம் ஒன்றாக மாற்றுவதற்கு வசதியாக, ஒவ்வொரு டியூபின் முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அடுத்து அதை மாற்ற வேண்டிய தேதியைப் பேனாவால் எழுதியிருந்தாள். எட்டாவது டேப்பில் மட்டும் தேதி இல்லை. ‘சித்தி பர்த்டே’ என்று இருந்தது.

“அன்னைக்கு உங்களுக்கு விஷ் பண்ண அம்மா ஞாபகப்படுத்துவாங்க சித்தி. அப்படியே அப்பாவும் ஸ்டூல் போட்டு ஏறிடுவாரு” என்று கீழே எழுதியிருந்தாள்.